கிராப் லாரி: பத்து டயரா, ஆறு டயரா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். எட்டு வருஷமாக மரம் வெட்டும் வேலையை எடுத்துச் செய்கிறாராம். கையில் மூன்று பவர் சா, ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர். வெட்ட ஆள் இருக்கிறது, ஏற்றத்தான் ஆள் இல்லை. கிராப் (மரத்தைக் கவ்வித் தூக்கும் இரும்பு நகம்) வைத்த பழைய பத்து டயர் லாரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 14 டன்-மீட்டர் கிரேன் (அந்த எண்ணின் அர்த்தத்தைப் பின்னால் சொல்கிறேன்). அதை எடுத்துவிடலாமா, இல்லை ஆறு டயர் லாரியில் சின்னதாக ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்பது கேள்வி.

தம்பி, பத்து டயர் வேண்டாம். ஆறு டயர் லாரி, அதில் 10 டன்-மீட்டர் அளவுக்கு ஒரு மடக்கு பூம் (மடங்கி நீளும் கை) கிரேன், கூடவே இப்போதிருக்கும் டிராக்டரை விற்காமல் வைத்துக்கொள்வது. இதுதான் என் பதில். பட்டுக்கோட்டைப் பக்கம் இருபது வருஷமாக இதே வேலைதான் எனக்கும், அதில் பாதிக் காலம் சொந்தக் கிரேன் லாரியோடு. லாரியை விற்கிறவர் உங்களிடம் பேசப்போவதெல்லாம் கிரேன் எவ்வளவு தூக்கும் என்பதைப் பற்றித்தான் இருக்கும். நம் ஊரில் அது ரெண்டாவது கேள்வி. தூக்கும்போது லாரி எங்கே நிற்கும் என்பதை முதலில் கேளுங்கள்.

உங்கள் பக்கத்துச் சாலைகளை மனசில் ஓட்டிப் பாருங்கள். கிராமச் சாலையில் தார் போட்ட அகலம் 3 மீட்டர், மிஞ்சினால் 3.75 மீட்டர். லாரியின் அகலமே இரண்டரை மீட்டர். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சாலையைவிட ரெண்டு முழம் தாழ்ந்த வயல். கிரேனை இயக்க வேண்டுமானால் ஜாக்கிகளை, அதாவது லாரி சாயாமல் தாங்கும் கால்களை, இரு பக்கமும் நீட்டி ஊன்ற வேண்டும். பெரிய கிரேனில் ஜாக்கிக்கு ஜாக்கி 5 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த 5 மீட்டருக்கு நம் சாலையில் எங்கே போவது? ஒரு கால் தாரில் நிற்கும், இன்னொரு கால் கரை மண்ணில் இறங்கும்.

கரை மண் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு கணக்குப் போதும். பாரம் தூக்கிய பக்கத்து ஜாக்கி ஒன்றின் மேல் 5 டன் வரை இறங்குவது சாதாரணம். ஜாக்கியின் தட்டு ஓர் அடிக்கு ஓர் அடி, அதாவது சுமார் 0.09 சதுர மீட்டர். ஐந்தை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 55 டன். நனைந்த களிமண் சதுர மீட்டருக்கு 5 டன், நல்ல இடத்தில் 10 டன் தாங்கினால் பெரிய விஷயம். அதனால்தான் ஜாக்கிக்கு அடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் கட்டைப் பலகை போடச் சொல்கிறார்கள். பலகை போட்டால் அந்த 55, 5 ஆகிவிடும். கனமான பனஞ்சட்டங்களை நெருக்கி வைத்து போல்ட் போட்டு முடுக்கிய பலகை நாலு என் லாரியில் எப்போதும் கிடக்கும். தூக்கிப்போட ரெண்டு ஆள் வேண்டும், ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிய பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை எங்கும் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தது உங்களுக்கே தெரியும். வேலை குவிந்துவிட்டது. வாடகைக்கு ஒரு பத்து டயர் கிரேன் லாரி எடுத்தேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரையில் நிறுத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். மதியம் வரை ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு வந்து மூன்றாவது பிடி தூக்கும்போது, வாய்க்கால் பக்கத்து ஜாக்கி சத்தமே இல்லாமல் இறங்க ஆரம்பித்தது. மண் பிளக்கவில்லை, சரியவில்லை. மாவில் விரல் வைத்து அழுத்தினால் இறங்குமே, அப்படி. ஆபரேட்டர் சட்டென்று கிராப்பை லாரிப் பக்கம் திருப்பி மரத்தை உள்ளே போட்டுவிட்டார், அதனால் பிழைத்தோம். மரத்தை வெளிப்பக்கமே பிடித்துக்கொண்டு யோசித்திருந்தால் லாரி வாய்க்காலில் கிடந்திருக்கும். பலகை லாரியில்தான் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் ஆகவில்லையே என்று போடாமல் விட்டது நான்தான்.

இன்னொன்றையும் அந்த மாதம்தான் கவனித்தேன். பெரிய லாரிகள் சாலையோரம் விழுந்ததை மட்டும் அள்ளிவிட்டு, தோப்புக்குள் கிடந்ததை எட்ட முடியாமல் நின்றன. உள்ளே போய் வந்தது டிராக்டர். சங்கிலியை மாட்டி இரண்டிரண்டு அடிமரமாக இழுத்து வந்து சாலையோரம் போட்டது. உங்கள் டிராக்டரை விற்று லாரிக்கு முன்பணம் கட்டும் யோசனை இருந்தால், அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி என்று தை, மாசி வரைக்கும் வயலில் ஈரம் இருக்கும். வயல் வழியாக லாரி இறங்கக்கூடிய காலம் அறுவடை முடிந்து வைகாசி வரைதான். ஆனால் மரம் எப்போது விழும்? ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில். அவசர வேலை, கேட்ட கூலி கிடைக்கிற வேலை எல்லாம் மண் மிகக் குழைந்திருக்கும் நேரத்தில்தான் வரும். கோடையில் களத்தில் நிறுத்தி ஓட்டிக் காட்டினால் எந்த லாரியும் அழகாகத்தான் இருக்கும்.

சரி, எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு வருவோம். மர வியாபாரத்தில் இருப்பதால் கால் சுற்றுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்தின் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. இந்தக் கணக்கு உண்மையான கன அளவைவிடக் குறைத்தே காட்டும், அது வாங்குகிறவனுக்குச் சாதகம். எடைக்கு அதை மாற்ற ஒரு சுருக்கு வழி: கால் சுற்றுக் கணக்கில் வரும் ஒவ்வொரு கன அடிக்கும், பச்சை மரமாக இருந்தால், 36 கிலோ போடுங்கள். பச்சை மரம் கிட்டத்தட்டத் தண்ணீர் கனம் இருக்கும் என்று வைத்துப் போடும் கணக்கு இது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டினாலும் கிரேனுக்கு அது நல்லதுதான்.

3 அடி சுற்றுள்ள தென்னையை 10 அடித் துண்டாகப் போட்டால் 5.6 கன அடி, அதாவது 200 கிலோ. கிராப் ஒரு பிடிக்கு நாலு துண்டு அள்ளினாலும் 800 கிலோதான். 8 அடி சுற்றுள்ள தூங்குமூஞ்சி அடிமரத்தை 6 அடியாக அறுத்தால் 24 கன அடி, 860 கிலோ. ஆக, நம் பக்கத்து வேலையில் பெரும்பாலும் ஒரு பிடிக்கு ஒரு டன்னைத் தாண்டுவதில்லை. தாண்டுகிற பழைய புளியோ ஆலோ வந்தால் இன்னொரு அறுப்பு போடுங்கள். பவர் சாவுக்கு ஐந்து நிமிஷ வேலை. அதற்காக வருஷம் முழுக்கப் பெரிய கிரேனைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

14 டன்-மீட்டர் என்றதும் 14 டன் தூக்கும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது பாரத்தையும் தூரத்தையும் பெருக்கிய எண். 4 மீட்டர் தள்ளி 3.5 டன், 7 மீட்டர் தள்ளி 2 டன் என்று இறங்கும். பூமின் சொந்த எடைக்காக இன்னும் கொஞ்சம் குறையும். அதிலிருந்து கிராப்பும் அதைச் சுழற்றும் ரொட்டேட்டரும் சேர்ந்த எடையைக் கழியுங்கள், சின்னதென்றாலும் 200, 250 கிலோ வரும். கொக்கியோடு காட்டிய அளவைச் சொல்லி விற்றுவிட்டு கிராப்பின் எடையைச் சொல்லாமல் விடுவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். 10 டன்-மீட்டர் கிரேனில் 7 மீட்டரில் கணக்குப்படி 1.4 டன், கிராப் போக ஒரு டன்னையொட்டி நிற்கும். நமக்கு அது போதும். நான் கூடுதலாகக் கேட்பது எட்டும் தூரத்தைத்தான். சாலையை விட்டு இறங்காமல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் கிளையைப் பிடிக்க 8 மீட்டராவது நீள வேண்டும்.

லாரி ஏற்றும் எடையையும் பாருங்கள். 2018-ல் அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு ஆறு டயர் லாரிக்கு மொத்த எடை 18.5 டன்னையொட்டி வருகிறது, பத்து டயருக்கு 28 டன்னையொட்டி. ஆறு டயரில் சேஸிஸ், பாடி, கிரேன், ஜாக்கி எல்லாம் சேர்ந்து ஒன்பது, ஒன்பதரை டன் என்று வையுங்கள், மிச்சம் 9 டன் மரம். பத்து டயரில் 15 டன் வரை ஏற்றலாம், உண்மைதான். ஆனால் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரே இடத்தில் 15 டன் மரம் எத்தனை தடவை கிடைத்திருக்கிறது? கொம்பும் கிளையுமாக ஏற்றினால் எடை நிறைவதற்கு முன் பாடி நிறைந்துவிடும். அதோடு அந்த லாரி வெறுமனே 12, 13 டன். ஊருக்குள் போகும் பழைய மதகுப் பாலங்களின் மேல், மரம் ஏற்றிய பிறகு அது எப்படித் திரும்பி வரும் என்பதையும் யோசியுங்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

யூடியூபில் அமெரிக்கக் கிராப் லாரிகளைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பாதிப்பேர் ஆசைப்படுகிறோம். நானும் அப்படித்தான். ஆனால் அங்கே தொழிலே வேறு. மரத்தை அப்புறப்படுத்த வீட்டுக்காரர் பணம் தருகிறார், இவர்கள் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிறார்கள். அதனால் உயரமான பெட்டி, ஒரே ஆள், வேகம். இங்கே வீட்டுக்காரர் நம்மிடமே மரத்துக்கு விலை பேசுவார். மரத்தை அறுவை மில்லுக்கும், விறகைச் செங்கல் சூளைக்கும் விற்றுத்தான் நாம் கணக்கை நேராக்குகிறோம். அடிமரம் தனியாக, விறகு தனியாக, மிலாறு (சுள்ளி) தனியாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கி அள்ளுகிற, நாலு பக்கமும் மூடிய பெட்டி நமக்கு நஷ்டம். பக்கப் பலகை கழற்றக்கூடிய 14 அடித் திறந்த பாடி போதும், நடுவில் மாட்டிக் கழற்றும் முளைக்கம்பிகள் வையுங்கள். கிரேனை கேபினுக்குப் பின்னால் வைப்பதா, வால் பக்கம் வைப்பதா என்று கேட்டால் கேபினுக்குப் பின்னால் என்பேன், குழைந்த மண்ணில் பின் அச்சு ஏற்கெனவே பாவம். வால் பக்கம் வைத்து நன்றாகவே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துப் போனால் எட்டும் தூரம் கூடும் என்பது அவர்கள் வாதம்.

கிராப்பில் ஏமாறாதீர்கள். விற்பனைக்கு வரும் பழைய லாரிகள் பலவற்றில் இருப்பது இரும்புக் கழிவு அள்ளும் ஆரஞ்சுச் சுளை மாதிரியான நாலைந்து நகக் கிராப். அது கிளையை அள்ளும், உருண்டையான அடிமரத்தை நழுவவிடும். நமக்கு வேண்டியது இரண்டு பக்க நகமும் ஒன்றையொன்று தாண்டி மூடுகிற மரக் கிராப். அப்போதுதான் ஒற்றைச் சிறு கட்டையையும் இறுக்கிப் பிடிக்கும். ரொட்டேட்டர் நிற்காமல் முழுச் சுற்று சுற்றுவதாக இருக்கட்டும், பாதியில் நின்று திரும்பி வருகிற ரகத்தில் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒரு விஷயம்: வைரம் பாய்ந்த தேக்கு, பலா வந்தால் கிராப்பை விட்டுவிட்டு நாடாப் பெல்ட் போட்டுத் தூக்குங்கள். பலாவை வீணைக்கு எடுக்கிற தஞ்சாவூர்க்காரர் நகம் பதிந்த மரத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார், விலையையும் குறைப்பார்.

தென்னை வேலை எடுத்தால் தூரையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அடித்தண்டழுகல் நோயைத் தஞ்சாவூர் வாடல் என்றே சொல்கிறார்கள். 1952 புயலுக்குப் பிறகு நம் பக்கத்தில் பரவியது அது. பூஞ்சணம் தூரிலும் வேரிலும் மண்ணிலும் தங்கும். அடிமரத்தை அள்ளிக்கொண்டு தூரை விட்டு வந்தால் பக்கத்து மரத்துக்குப் போகும். அழுகிக் கிடக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். ஜேசிபி வைத்துத் தூரைப் பிடுங்கி, கிராப்பில் அள்ளி வெளியேற்றுவதைத் தனி வேலையாக விலை சொன்னால் தோப்புக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். நோய்த் தோப்பிலிருந்து நேரே இன்னொரு தோப்புக்குப் போகும்போது நகத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுங்கள்.

மின்கம்பி பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் ஊரில் கம்பி தாழ்வு, பூம் உயரம். லைன் கிளியர் (லைனை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்காமல் கம்பிக்கு அருகில் பூமைத் தூக்காதீர்கள். வாங்கினாலும் 3 மீட்டர் விலகியே இருங்கள். லாரியின் பக்கவாட்டில் தரையில் நின்று லீவர் இழுக்கிற அமைப்பில், பூம் கம்பியைத் தொட்டால் மின்சாரம் லாரி வழியாக ஆபரேட்டர் கையில் ஏறி மண்ணில் இறங்கும். கிரேன் மேலேயே இருக்கை உள்ள ரகமோ, கம்பியில்லா ரிமோட்டோ கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள். மேல் இருக்கையில் இருப்பவர் கம்பி தொட்டுவிட்டால் இறங்கக் கூடாது, லைன் நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். லாரியைத் தொட்டுக்கொண்டே ஒரு காலைத் தரையில் வைக்கும்போதுதான் ஆள் போகிறது. இதை டிரைவர், கிளீனர் எல்லாரிடமும் ஒரு தடவை நடித்தே காட்டிவிடுங்கள்.

பழைய லாரியாகவே எடுப்பதென்றால், பெயின்டைப் பார்க்காதீர்கள். கிரேன் சுழலும் அடிப்பகுதியில், கம்பம் தட்டோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் மேல் வெல்டிங் தெரிந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். பூமை முழுக்க நீட்டி நுனியைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். மூட்டில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் டக் டக் என்று கேட்கும். அப்புறம் ஒரு டன் மரத்தைத் தூக்கச் சொல்லி, இன்ஜினை நிறுத்திவிட்டு, டீ சாப்பிடப் போகலாம் என்று விற்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கிய மரத்தின் அடியில் ஆள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தரைக்கு எத்தனை சாண் இருக்கிறது என்று கிளம்பும்போதே மனசில் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி கழித்து வந்து பார்க்கும்போது மரம் நாலு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தால் சிலிண்டர் சீல் போய்விட்டது. ஹைட்ராலிக் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று எழுதிய தகடு கிரேனில் இல்லாவிட்டால், அது ஏன் இல்லை என்று கேளுங்கள். பதிலைவிட அவர் முகத்தைக் கவனியுங்கள்.

காகிதத்தில் இரண்டே விஷயம். லாரியில் கிரேன் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி மாற்றம். ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி.யில் நிற்கும், விபத்தில் இன்ஷூரன்ஸும் நிற்கும். இன்ஷூரன்ஸில் ஐ.எம்.டி. 47 என்று ஒரு சேர்க்கை உண்டு. கிரேன் வேலையின்போது லாரி கவிழ்ந்தால் இழப்பீடு இல்லை என்பது அதில் உள்ள நிபந்தனை, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் கவிழ்வதும் சேரும். நம் கரை மண்ணுக்கு அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். மர அனுமதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: சாலையோர மரம், புறம்போக்கு மரம் என்றால் உத்தரவைக் கையில் வாங்காமல் பவர் சாவைக் கையில் எடுக்காதீர்கள். பனைக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது.

ஆறு டயர் சேஸிஸ் நல்லதாகக் கிடைக்கத் தாமதமானால், ஒரு வருஷம் உங்கள் டிரெய்லரிலேயே டிராக்டரின் பி.டி.ஓ.வில் (இன்ஜின் சக்தியை வெளியே எடுத்துக் கொடுக்கும் தண்டு) ஓடும் சின்ன கிராப் ஒன்றைக் கட்டி ஓட்டிப் பாருங்கள். 3, 4 டன்-மீட்டர் போதும். வேகம் குறைவு, ஆனால் ஏத்துக்கூலி மிச்சம் எவ்வளவு, ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை பிடி தூக்குகிறீர்கள் என்பது ஒரு நோட்டில் எழுதினால் தெரிந்துவிடும். அந்த நோட்டோடு கிரேன்காரரிடம் போனால் பேச்சே வேறாக இருக்கும்.

இதற்கு மேலும் அந்தப் பத்து டயரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், கிரேன் தகட்டையும், ஜாக்கிகளை முழுக்க நீட்டி டேப் பிடித்த அகலத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். நீங்கள் அடிக்கடி வேலைக்குப் போகும் சாலை ஒன்றின் அகலத்தையும் அதோடு எழுதி அனுப்புங்கள்.